விசேஷ வீட்டுப் பந்தியில நம்ம கையை யாரு பிடிக்கிறா? சர்வேயில இதை எப்படி கேக்குறது

செக்காலை மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ஃபைனல் ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது, சுகர் இருக்கிறவங்களோட சாப்பாட்டை சொந்தபந்தம், கூட்டாளி, அக்கம்பக்கம் எல்லாம் எப்படி மாத்துதுங்கிறது. ஏன் இதுன்னா 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) இண்டியாப் (INDIAB) ஆய்வுல நாட்டுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய்னு போட்டிருந்தாங்க, நாடு முழுக்க 11.4 சதவீதம்னா நம்ம தமிழ்நாட்டுல 14.4. நம்ம பக்கம் ஒரு வீட்டுக்குள்ள போனா முகப்புல உக்காந்திருக்கிற ஐயாவுல இருந்து அடுப்படியில நிக்கிற ஆச்சி வரைக்கும் ஆளாளுக்கு ஒரு மாத்திரை டப்பா வச்சிருக்காங்க, ஆனா விசேஷம்னு வந்துட்டா டப்பாவும் ஞாபகம் இருக்காது டாக்டர் சொன்னதும் ஞாபகம் இருக்காது. இதைத்தான் நான் பிடிக்கணும்னு நினைச்சேன்.

கைடு என்ன சொல்றாங்கன்னா டாபிக் ரொம்ப அகலம், சுருக்கிட்டு வான்னு. அது கூட பரவாயில்ல. ட்ரயலுக்கு கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் கொஞ்சம் பேர்கிட்ட ஃபாரம் குடுத்துப் பார்த்தேன், அதுலதான் மாட்டிக்கிட்டேன். "உங்க சாப்பாட்டு முடிவுல மத்தவங்க தாக்கம் எவ்வளவு"ன்னு ஒரு கேள்வி, அஞ்சு ஆப்ஷன். கிட்டத்தட்ட எல்லாருமே "இல்லவே இல்லை"ன்னு டிக். கோட்டையூர்ல ஒரு பெரியம்மா "என் வாய், என் வயிறு, இதுல யாரு வந்து சொல்லப் போறா"ன்னு சிரிச்சாங்க, டிக்கும் போட்டாங்க. ஃபாரம் இன்னும் என் கையில இருக்கு, பின்கட்டு வழியா பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டுல இனிப்புக் கந்தரப்பம் கொண்டு வந்தாங்க, யாரோ வளைகாப்பு வீட்டுல செஞ்சதாம். பெரியம்மா ரெண்டு எடுத்து சாப்பிட்டுட்டு அவங்க போனதும் என்கிட்ட மெதுவா சொன்னாங்க, "வேணாம்னா அவ மனசு சங்கடப்படும்ல."

இப்ப இந்த ஃபாரத்தை நான் எப்படி எண்ட்ரி போடுறது சொல்லுங்க. மூணு விஷயம் தெரியணும். நேரா கேட்டா இல்லேங்கிறவங்ககிட்ட வேற எப்படி கேக்கலாம், கேட்டு வாங்கினாலும் அது உண்மையிலேயே மத்தவங்க தாக்கம்தான்னு எப்படி நிரூபிக்கிறது, அப்புறம் ஒரு செமஸ்டருக்குள்ள ஒத்தை ஆளா முடிக்கிற மாதிரி எப்படி சுருக்குறது. யாராவது இந்த மாதிரி ஆய்வு பண்ணியிருந்தா ப்ளீஸ்.


புள்ளிவிவர வாத்தியார்:

உன் பெரியம்மா பொய் சொல்லல மா. அவங்களுக்கு நிஜமாவே தெரியல, அதுதான் இதுல இருக்கிற சிக்கலே. சாப்பிட்டு முடிச்சவங்ககிட்ட ஏன் இவ்வளவு சாப்பிட்டீங்கன்னு கேட்டா பசி, ருசின்னுதான் சொல்லுவாங்க, பக்கத்துல இருந்தவர் எவ்வளவு சாப்பிட்டாரோ அதை ஒட்டித்தான் இவங்க அளவும் போயிருக்கும் ஆனா அதை ஒருத்தரும் காரணமா சொல்ல மாட்டாங்க. 2008ல வார்ட்டனியன், ஹெர்மன்னு ரெண்டு பேரோட ஆய்வுல இதைக் காட்டியிருக்காங்க. அந்த பேப்பர்ல மூணாவது பேரா ப்ரையன் வான்சிங்க் வர்றாரு, அவரு கார்னெல்ல இருந்தவர், அவரோட பல பேப்பர்களை ஜர்னல்கள் திரும்பப் பெற்றது 2018ல பெரிய செய்தி, அதனால அவர் பேர் இருக்கிற எதையும் வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி நல்லா சரிபார்த்துக்க, கேள்வி அங்கதான் வரும். பழசுன்னா ஜான் டி காஸ்ட்ரோ 1989ல ஜனங்களை சாப்பாட்டு டைரி எழுத வச்சு பார்த்தது இருக்கு, தனியா சாப்பிடுறதை விட கூட்டத்தோட சாப்பிடுற சாப்பாடு 44 சதவீதம் பெருசு. இதுவும் டைரிதான், சோதனை இல்ல, விசேஷ நாள்னாலே சாப்பாடும் அதிகம் கூட்டமும் அதிகம்ங்கிறதும் அதுக்குள்ள கலந்து கிடக்கும்.

இப்ப உன் ரெண்டாவது கேள்வி. இது பெரிய பெரிய ஆளுங்களே அடிச்சுக்கிட்ட விஷயம். 2007ல கிறிஸ்டாகிஸும் ஃபௌலரும் அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம் ஊர் டேட்டாவை எடுத்து, 12,067 பேர், 1971ல இருந்து 2003 வரைக்கும் 32 வருஷம், ஒருத்தரோட ஃப்ரெண்டு குண்டானா அவரும் குண்டாகிற வாய்ப்பு 57 சதவீதம் கூடுதுன்னாங்க. கூடப்பிறந்தவங்கன்னா 40, புருஷன் பொண்டாட்டின்னா 37. பக்கத்து வீட்டுக்காரர்னா ஒண்ணுமே இல்ல. உலகம் பூரா பேப்பர்ல வந்துச்சு. அடுத்த வருஷமே கோஹன்-கோல், ஃப்ளெட்சர்னு ரெண்டு பேரு அதே மாதிரி கணக்கை வேற டேட்டாவுல போட்டுப் பார்த்தாங்க, முகப்பரு, தலைவலி, உயரம் எல்லாமே ஃப்ரெண்டுகிட்ட இருந்து தொத்துதுன்னு வந்துச்சு! உயரம் எப்படி தொத்தும்? அதாவது கணக்கு போட்ட விதத்துலயே ஓட்டை இருக்கலாம்னு காட்டுறதுக்கு செஞ்சது அது. 2011ல ஷலிசியும் தாமஸும் இன்னும் ஒரு படி மேல போய், ஒரே மாதிரி ஆளுங்க ஒண்ணு சேர்றதையும் சேர்ந்தப்புறம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் மாறுறதையும் வெறும் கவனிப்பு டேட்டாவை வச்சு பொதுவா பிரிக்கவே முடியாதுன்னு எழுதினாங்க.

உனக்கு இதுல ஒரு வசதி இருக்கு, ஒரு தொல்லையும் இருக்கு. பங்காளியை யாரும் பார்த்துப் பார்த்து தேர்ந்தெடுக்கிறதில்ல, பொறந்ததுமே வந்துடுறான், அதனால "ஒரே மாதிரி ஆளுங்க ஒண்ணு சேர்ந்தாங்க"ங்கிற சந்தேகம் சொந்தக்காரங்க விஷயத்துல குறையும். ஆனா அதே பங்காளிக்கு அதே ரத்தம், அதே அடுப்படி, அதே பலகார டின். தாத்தாவுக்கு சுகர் பேரனுக்கும் சுகர்னா அதுல எவ்வளவு பரம்பரை எவ்வளவு பணியாரம்னு ஒரு செமஸ்டர்ல உன்னால பிரிக்க முடியாது, முயற்சியே பண்ணாத. சுகர் அளவு, எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் காட்டுற ரத்தப் பரிசோதனை) இதையெல்லாம் விட்டுடு. ஒரு நடத்தையை மட்டும் எடு, ஒரே ஒரு இடத்துல.


கண்டனூர்க்காரன்:

எனக்கு ஒரு சந்தேகம். செட்டிநாடுன்னா உடனே எல்லாரும் ஏன் வளவு வீட்டு ஆச்சியையும் கந்தரப்பத்தையுமே பிடிச்சுக்கிறீங்க? இந்த ஊர்ல மத்தவங்களுக்கும் சுகர் இருக்குங்க. ஆத்தங்குடியில கல்லு போடுறவரு கண்ணாடித் தட்டு முன்னாடி குத்துக்கால் வச்சு உக்காந்து கலர் சிமெண்டு ஊத்திக்கிட்டு இருக்காரு, அவருக்கு எந்த பந்தி? அவருக்கு பந்தி டீக்கடைதான். காலையில ஒருத்தன் எல்லாருக்கும் டீ சொல்லுவான், பதினோரு மணிக்கு இன்னொருத்தன், சாயங்காலம் வேலை விடுறப்ப இன்னொருத்தன். நேத்து நீ வாங்கிக் குடுத்த இன்னைக்கு நான், இதுல "எனக்கு சீனி இல்லாம"ன்னு சொன்னா சும்மா விடுவாய்ங்களா, "என்னடா உனக்கும் வந்துருச்சா"ன்னு ஆரம்பிச்சு அன்னைக்கு முழுக்க அதான் பேச்சு. அந்த ஒரு கேலிக்கு பயந்தே சீனி டீ குடிக்கிறவன் எத்தனை பேரு தெரியுமா. காசு கணக்கும் இதுல இருக்கு, டீ வேணாம்னு ஒதுங்கினா திருப்பி வாங்கித் தராத கஞ்சப்பய லிஸ்ட்ல சேர்த்துருவாய்ங்க.

அப்புறம் பலகாரத்தை மட்டும் குத்தம் சொல்றதும் எனக்கு சரியா படல. எங்க அப்பத்தா காலத்துலயும் உக்காரையும் கும்மாயமும் அதிரசமும் இருந்துச்சு, ஆனா அது ஆடிக்கு, தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு. அன்னைக்கு இடிச்சு சலிச்சு பாகு வச்சு செய்யணும்னா ரெண்டு நாள் பாடு. இன்னைக்கு கடையில பாக்கெட் போட்டு தொங்குது, காசு குடுத்தா கையில வந்துருது. சொந்தக்காரன் தாக்கத்தை அளக்குறதுக்கு முன்னாடி கடை எத்தனை அடி தூரத்துல இருக்குன்னு அளந்து பாருங்க.


பள்ளத்தூர் நர்ஸ் அக்கா:

கண்டனூர் தம்பி சொல்றது நியாயம்தான், ஆனா டீக்கடையும் இதே கதைதானே தம்பி, நீங்களும் அந்தப் பொண்ணு சொன்னதைத்தான் வேற இடத்துல வச்சு சொல்றீங்க.

நான் வீடு வீடா போற வேலை. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுல இருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகுது, அதனால ஜனங்க ஆஸ்பத்திரியில சொல்றதும் தெரியும் வீட்டுல செய்யுறதும் தெரியும். பாப்பா, நீ எங்க உக்காந்து கேள்வி கேட்டேங்கிறதை முதல்ல யோசி. திண்ணையில மாமனார் காது குடுத்துக்கிட்டு இருக்கிறப்ப மருமகள்கிட்ட "உங்க சாப்பாட்டை யாரு முடிவு பண்றா"ன்னு கேட்டா அவ என்ன சொல்லுவா? நானா பார்த்துக்கிறேன்னுதான் சொல்லுவா. அதே பொண்ணு தனியா கிடைக்கிறப்ப சொல்றது வேற, எல்லாருக்கும் பரிமாறி முடிச்சு மூணு மணிக்கு மேல மிச்சம் மீதியை சாப்பிடுறேன், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னே தெரியாம போயிருது அக்கான்னு. பொம்பளைங்களுக்கு என்ன சாப்பிடுறாங்கங்கிறது பாதிதான், எப்ப சாப்பிடுறாங்கங்கிறதுதான் மிச்ச பாதி, அது முழுக்க வீட்டுல மத்தவங்க கையில இருக்கு. உன் ஃபாரத்துல நேரம் கேக்குற கேள்வி இருக்கா?

இன்னொண்ணு, ஒளிச்சு வைக்கிறது. மகளுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கிற வீட்டுல அம்மாவுக்கு சுகர்ங்கிறது வெளிய தெரியக்கூடாது. மாத்திரை சாமி ரூம்ல பிஸ்கட் டின்னுக்குள்ள போயிரும். விசேஷத்துக்கு வெளியூர் போனா மாத்திரையே எடுத்துட்டுப் போறதில்ல, அங்க பையைத் திறந்தா நாலு பேரு பார்ப்பாங்க. அதனால நான் "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா"ன்னு கேக்குறதை விட்டுட்டேன், அட்டையைக் கொண்டாங்கன்னு சொல்லி எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பார்த்துருவேன். பேச்சை நம்பாத, எண்ணக்கூடியதை எண்ணு.

அப்புறம் கருப்பட்டி சுகரை ஏத்தாது, கவுனி அரிசி சுகருக்கு மருந்துன்னு ஒருத்தர் வாய்ல இருந்து ஒருத்தர் வாய்க்கு போயி இப்ப ஊரே நம்புது. கருப்பட்டியும் சர்க்கரைதான். கவுனி அரிசி மேல தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு கிண்ணம் நிறைய சாப்பிட்டா அரிசி கருப்பா இருந்தா என்ன வெள்ளையா இருந்தா என்ன. இதை டாக்டர் சொன்னா கேக்க மாட்டாங்க, தெருவுல ஒரு ஆச்சி சொன்னா கேப்பாங்க. நல்லதும் இப்படித்தான் பரவும், அதையும் எழுது. தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடக்குற கூட்டத்தைப் பாரு, தெருக்கோடி வரைக்கும் நடங்கன்னா முட்டி வலிங்கிறவங்க பக்கத்துல நாலு பேரு நடந்தா பழனி வரைக்கும் போயிடுறாங்க. ஆனா அதுலயும் வெறுங்கால்ல போயி பாதத்துல உணர்ச்சி இல்லாததால கொப்புளம் உடைஞ்சதே தெரியாம திரும்பி வர்ற சுகர் ஆளுங்க உண்டு, எல்லாரும் செருப்பில்லாம போறப்ப நான் மட்டும் எப்படி போடுறதுன்னு கேப்பாங்க. ஒரே கூட்டம்தான் நடக்கவும் வைக்குது, செருப்பைக் கழட்டவும் வைக்குது.


இலை போடுறவன்:

நான் படிச்சவன் இல்ல, சமையல் கான்ட்ராக்ட் எடுத்து செய்யிறேன், காரைக்குடி தேவகோட்டை புதுவயல்னு சுத்துப்பட்டுல. மக இந்த கேள்வியை காட்டிச்சு, சரி நமக்கு தெரிஞ்சதை சொல்லுவோம்னு.

பந்தியில நடக்குறதை நான் சொல்றேன் கேளுங்க. இலையில முதல்ல விழுறது இனிப்பு. உக்காந்தவுக எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாக. வரிசையில மூத்தவுக யாராச்சும் இருப்பாக, அவுக கையை இலை மேல குறுக்க வச்சு "எனக்கு வேணாம்பா"ன்னாகன்னு வச்சுக்கங்க, அடுத்த ரெண்டு மூணு இலையிலயும் கை விழும். அவுக வாங்கிட்டாகன்னா அந்த வரிசை முடியிற வரைக்கும் ஒரு கையும் குறுக்க வராது. பரிமாறுற பசங்களுக்கு இது நல்லா தெரியும், வாளியில எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்ங்கிறதையே முதல் ரெண்டு இலையைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாய்ங்க. அப்புறம் வீட்டுக்காரவுக சுத்தி வருவாக, "என்ன அயித்தான் இலையில ஒண்ணுமே காணோம், டேய் அயித்தானுக்கு இன்னொண்ணு வை"ன்னு. அந்த நேரத்துல கையை குறுக்க வச்சிருந்தவுகளும் எடுத்துருவாக. கை குறுக்க இருந்தாலும் விரல் சந்துல வைக்கிற ஆளுங்க எங்கிட்ட இருக்காய்ங்க, அது வேற கதை.

ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம்) வீட்டுல மகன் வெளிநாட்டுல இருந்து வந்தவரு, சுகர் உள்ளவுகளுக்குன்னு தனியா ஒரு மேசை போடுங்க மாஸ்டர், போர்டும் வைங்கன்னாரு. சிறுதானிய இட்லி, இனிப்பில்லாத பாயசம்னு நல்லாத்தான் செஞ்சேன். ஒரு ஆள் வரல. அந்த மேசைக்கு போனா நோயாளின்னு தெரிஞ்சுரும்ல. கடைசியில அதே இட்லியை எல்லா இலையிலயும் பாதி வச்சோம், போர்டை எடுத்துட்டோம், காலி. இப்ப யாரு கேட்டாலும் இதான் சொல்லுவேன், தனி மேசை வேணாம், எல்லா இலைக்கும் சின்ன இனிப்பா வைங்க, வேணுங்கிறவுக கேட்டு வாங்கட்டும்னு. ஆனா வீட்டுக்காரவுக பாதிப்பேரு ஒத்துக்க மாட்டாக. இலை நிறையலன்னா அவுகளுக்கு மரியாதை போச்சு. நாலு இனிப்பு போட்ட பங்காளி வீட்டுக்கு கீழ போயிருவோமோன்னு அஞ்சு இனிப்பு சொல்லுவாக. அதனால சாப்பிடுறவுகளை மட்டும் கேக்காதீக, போடச் சொல்றவுகளையும் கேளுங்க.


தேவகோட்டை டூ திருவனந்தபுரம்:

மாஸ்டர் அண்ணே, நீங்க எழுதினதுதான் இந்த த்ரெட்லயே பெஸ்ட் டேட்டா.

நான் பப்ளிக் ஹெல்த் படிக்கிறேன். மாணவி, நீங்க முன்னாடி வந்த ஆய்வுகளைப் பத்தி ஒரு சாப்டர் எழுதணும்ல, அதுக்கு அமெரிக்கா பேப்பரை மட்டும் அடுக்காம பக்கத்துல நடந்ததையும் பாருங்க. திருவனந்தபுரம் மாவட்டத்துல கேரளா டயபிடிஸ் பிரிவென்ஷன் ப்ரோக்ராம்னு ஒண்ணு நடந்துச்சு, 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்து சீட்டுப் போட்ட மாதிரி ரெண்டா பிரிச்சு, சுகர் வர்ற ரிஸ்க் இருக்கிற 1,007 பேர். ஒரு பகுதியில டாக்டரோ டயட்டீஷியனோ தொடர்ந்து வகுப்பு எடுக்கல, அந்த ஊர் ஆளுங்களையே ட்ரெயின் பண்ணி அவங்களே குழு நடத்தினாங்க, சேர்ந்து நடக்குறது, காய்கறித் தோட்டம் இந்த மாதிரி. ரெண்டு வருஷம் கழிச்சு பார்த்தா சுகர் வந்தவங்க குழுவுல 14.9 சதவீதம், மத்தவங்கள்ல 17.1. குறைவுதான், ஆனா அந்த வித்தியாசம் தற்செயலா கூட வந்திருக்கலாம்ங்கிற எல்லைக்குள்ளதான் இருந்துச்சு. ஆனா குடி குறைஞ்சுது, காய்கறி பழம் சாப்பிடுறது கூடுச்சு. 2018ல ரிசல்ட் வந்துச்சு. வாத்தியார் சொன்ன மாதிரி நோயை விட்டுட்டு நடத்தையை அளந்தா ஏதாவது கிடைக்கும்ங்கிறதுக்கு இது நல்ல உதாரணம், அவ்வளவு பெரிய டீம், ரெண்டு வருஷம், அவங்களுக்கே சுகர் நம்பர் உறுதியா அசையல, நீங்க ஒரு செமஸ்டர்ல எங்க போறது.

நேரா கேட்டா இல்லேங்கிறாங்கன்னீங்கல்ல, அதுக்கு ஒரு வழி. அவங்களைப் பத்தி கேக்காதீங்க, ஊரைப் பத்தி கேளுங்க. "இந்த ஊர்ல சுகர் இருக்கிற பத்து பேர்ல எத்தனை பேரு பந்தியில இனிப்பை ஒதுக்கணும்னு மனசுக்குள்ள நினைப்பாங்க"ன்னு ஒரு கேள்வி. கொஞ்சம் தள்ளி, "போன விசேஷத்துல நீங்க ஒதுக்கணும்னு நினைச்சீங்களா"ன்னு இன்னொரு கேள்வி. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. 1993ல ப்ரெண்டிஸும் மில்லரும் ப்ரின்ஸ்டன்ல மாணவர்கள்கிட்ட குடியைப் பத்தி இப்படித்தான் பார்த்தாங்க, ஒவ்வொருத்தனும் எனக்கு இவ்வளவு குடி பிடிக்கல ஆனா மத்தவன் எல்லாம் இதுல சந்தோஷமா இருக்கான்னு நினைச்சுக்கிட்டு இருந்தான். நம்ம பந்தியிலயும் வரிசையா உக்காந்திருக்கிற எல்லாருமே உள்ளுக்குள்ள வேணாம்னு நினைச்சுக்கிட்டு, மத்தவங்களுக்கு வேணும்போலன்னு சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்களோ என்னமோ.


செக்காலை மாணவி:

ஐயோ இவ்வளவு வரும்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாஸ்டர் அண்ணே உங்க மகளுக்கு தனியா ஒரு நன்றி.

எல்லாத்தையும் படிச்சுட்டு இப்படி சுருக்கியிருக்கேன், சரியான்னு பாருங்க. காரைக்குடியும் சுத்தி இருக்கிற ஊரும் மட்டும், சுகர் இருக்குன்னு தெரிஞ்ச 40 வயசுக்கு மேற்பட்டவங்க, பந்தியில இனிப்பை மறுக்குறது மட்டும். மாஸ்டர் சொன்ன அந்த முதல் இலை விஷயம் மண்டைக்குள்ளயே ஓடுது. ஒரு சின்ன கதை எழுதி அட்டையா அடிக்கலாம்னு இருக்கேன். ஒருத்தருக்கு சுகர், கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்திருக்காரு, இனிப்பு வருது. ஒரு அட்டையில பக்கத்து இலைக்காரர் வேணாம்னு கை வைக்கிறாரு, இன்னொரு அட்டையில வாங்கிக்கிறாரு. மத்த எல்லா வரியும் ஒண்ணுதான். கடைசியில "இவரு என்ன செய்வாரு"ன்னு கேக்கணும், நீங்க என்ன செய்வீங்கன்னு கேக்கப் போறதில்ல. யாருக்கு எந்த அட்டைன்னு குலுக்கிப் போட்டு குடுத்தா அது சோதனை மாதிரி ஆயிடும்ல? தேவகோட்டை அண்ணன் சொன்ன ரெண்டு கேள்வியும், நர்ஸ் அக்கா சொன்ன சாப்பிடுற நேரமும் தனியா வரும். கண்டனூர் அண்ணே, டீக்கடைக்குன்னு தனி அட்டை போட ஆசைதான், ஆனா அப்ப திரும்பவும் அகலமாயிடுமோன்னு பயமா இருக்கு.


கண்டனூர்க்காரன்:

போடுங்க போடுங்க. இல்லன்னா தலைப்புல "செட்டிநாட்டு மக்கள்"னு போடாதீங்க, "கல்யாண பந்திக்கு போறவங்க"ன்னு போடுங்க. நான் வந்து சண்டை போட மாட்டேன்.


பள்ளத்தூர் நர்ஸ் அக்கா:

பாப்பா ஒரு எச்சரிக்கை. ஃபாரத்துல பேரு இல்லன்னு மட்டும் நினைச்சு நிம்மதியா இருக்காத. வயசு 62, பள்ளத்தூர், நகரத்தார்ல இளையாத்தங்குடி கோயில் பிரிவு, மலேசியாவுல கடை வச்சிருந்து திரும்பினவர்னு நாலு கட்டத்துல எழுதினா போதும், இங்க யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டிருவாங்க. வயசை பத்து பத்து வருஷமா போடு, கோயில் பிரிவை கேக்கவே கேக்காத, ஊருக்கு பதிலா டவுனா கிராமமான்னு போதும். சம்மதக் கடிதத்தை வீட்டு ஆம்பளைக்கிட்ட வாங்கிட்டு பொம்பளைக்கிட்ட கேள்வி கேக்குறதும் வேணாம், பதில் சொல்றவங்களே கையெழுத்தோ கைநாட்டோ போடணும். கதை அட்டையிலயும் ஆம்பளைப் பேரு மட்டும் போட்டா பொம்பளைங்க "அவுக ஆம்பளை, வேணாம்னு சொல்லிருவாக"ன்னு பதில் சொல்லுவாங்க, கேக்குறவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்து.


புள்ளிவிவர வாத்தியார்:

அட்டை யோசனை நல்லா இருக்கு. நீ அறியாமலே சாலமன் ஆஷ்ங்கிற உளவியல்காரர் செஞ்ச சோதனைக்கு வந்துட்ட. 1950கள்ல அவரு கோடு காட்டி எது சமம்னு கேட்டப்ப, கூட இருந்தவங்க எல்லாம் வேணும்னே தப்பா சொன்னா மூணுல ஒரு பங்கு பதிலாவது அவங்க பக்கம் சாய்ஞ்சுது, ஆனா கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியா சொன்னா போதும், அந்த சாய்வு 5 சதவீதம் அளவுக்கு விழுந்துருச்சு. உன் பக்கத்து இலைக்காரர்தான் அந்த ஒருத்தர். ஆனா ஆஷ் ஆளுங்களை நிஜமா உக்கார வச்சாரு, நீ அட்டையில கதை சொல்ற, அதனால முடிவுல "மக்கள் இப்படி நடந்துக்கிறாங்க"ன்னு எழுதாத, "இப்படி நடப்பாங்கன்னு எதிர்பார்க்கிறாங்க"ன்னு எழுது. வைவாவுல இந்த ஒரு வரி உன்னைக் காப்பாத்தும். முடிஞ்சா மாஸ்டர்கிட்ட கேட்டு, வீட்டுக்காரங்க அனுமதியோட, ரெண்டு மூணு பந்தியில ஓரமா நின்னு எத்தனை இலையில கை விழுதுன்னு மட்டும் எண்ணு, யாரு இலைன்னு எழுதாத, படம் எடுக்காத. கதை சொல்றதும் கண்ணு பார்க்குறதும் ஒத்துப்போகுதான்னு தெரியும்.

எத்தனை பேர் வேணும்னு கேக்கல, ஆனா கேக்கப் போற. ஒரு அட்டையில பாதிப்பேர் மறுப்பாருன்னு சொல்லி, இன்னொண்ணுல 70 சதவீதம் சொன்னா அந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு அட்டைக்கு 90 பேருக்கு கொஞ்சம் மேல வேணும், அரைகுறையா நிரப்புறவங்களையும் சேர்த்து 100 வச்சுக்க, மொத்தம் 200. டீக்கடைக்கு ரெண்டு அட்டை சேர்த்தா 400, ஒத்தை ஆளா முடியாது. கண்டனூர் தம்பிக்கு அவ்வளவு அக்கறைன்னா அந்த 200ஐ அவரே எடுத்துக் குடுக்கட்டும்! அட்டையை வீட்டுல உக்காந்து முன்கூட்டியே குலுக்கி, ஒட்டின கவர்ல போட்டு, கவர் மேல நம்பர் எழுதி வரிசையா எடுத்துட்டுப் போ. வாசல்ல நின்னு ஆளைப் பார்த்து அட்டையை எடுத்தா மொத்தமும் வீண். எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வர்றதுக்கு முன்னாடி ஒரு கவரையும் பிரிக்காத, 2017 ஐசிஎம்ஆர் நெறிமுறையை ஒரு தடவை முழுசா படிச்சுட்டு அந்த ஃபாரத்தை நிரப்பு, கமிட்டி எப்ப கூடுதுன்னு நாளைக்கே ஆபீஸ்ல கேட்டு வை.


கண்டனூர்க்காரன்:

200 எல்லாம் முடியாது வாத்தியாரே, நம்ம கடைத்தெருவுல ஒரு அம்பது பேரை பிடிச்சுத் தர்றேன். டீ செலவு யாரு?